கோழி வாட்டும் டிரம்: விலையைக் கேட்குமுன் வரலாற்றைக் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏதாவது ஒரு தாமானைச் சுற்றி வந்தால், எந்த வீட்டு முற்றத்திலிருந்தாவது கோழி வாட்டும் வாசம் வந்துகொண்டிருக்கும். பசார் மாலாமில் ஈக்கான் பாக்கார், ஆயாம் பாக்கார் விற்கும் கடைகளில், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த இரும்பு டிரம்தான் அடுப்பு. இதைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு, "நாமும் ஒன்று செய்து வைத்தால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பே. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, பிள்ளைகளின் பிறந்தநாள், நண்பர்கள் கூடும் நாள் என்று பயன்படுத்த எத்தனையோ வேளைகள் உண்டு.

அண்மைய ஆண்டுகளில் பிளந்த டிரம்மோடு இன்னொரு வகையும் சேர்ந்துகொண்டது. டிரம்மைப் பிளக்காமல் நிற்க வைத்து, அடியில் கரியும் மேலே இறைச்சியும் வைத்து, மூடியைப் போட்டுப் பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவிடுகிறார்கள். 'ஸ்மோக்கர்' எனப்படும் புகையடுப்பு இது. கடையில் வாங்கினால் விலை கூடுதல். ஆகவே பலர் பழைய இரும்புக் கடையை நாடுகிறார்கள். அங்கே போனதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு டிரம் எவ்வளவு?" என்பதுதான்.

அந்த இடத்தில்தான் தவறு தொடங்குகிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்குள் என்ன இருந்தது?" என்பதே.

நூறாண்டு கடந்த பீப்பாய்

இரும்பு டிரம் எப்படிப் பிறந்தது என்பது சுவையான கதை. எண்ணெயும் சாராயமும் மரப் பீப்பாய்களில் அனுப்பப்பட்ட காலத்தில், கசிவினால் நேர்ந்த இழப்பு பெரிது. 1905 டிசம்பரில் ஹென்றி வெர்ஹான் என்பவர் பெயரில் அமெரிக்காவில் எஃகு டிரம்முக்கான காப்புரிமைகள் பதிவாயின. அவர் வேலை செய்த நிறுவனத்தை நடத்தியவர் நெல்லி பிளை என்ற பெயரால் புகழ்பெற்ற பெண் பத்திரிகையாளர். 1889 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, 72 நாள்களில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். அந்தப் பயணத்தில் அவருடைய கப்பல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நின்றது. சிங்கப்பூரில் அவர் ஒரு குரங்கை வாங்கிக்கொண்டு போனார் என்பதும் அவரே எழுதி வைத்த செய்தி.

இன்று உலகெங்கும் புழங்கும் டிரம்மின் கொள்ளளவு ஏறத்தாழ 208 லிட்டர். அமெரிக்கக் கணக்கில் 55 கேலன். பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஏறத்தாழ 46 கேலன். தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்கள் இதை 'நாற்பத்து நாலு கேலன் டிரம்' என்றே சொல்வார்கள். உயரம் ஏறத்தாழ 88 சென்டி மீட்டர், உள் விட்டம் 57 சென்டி மீட்டர். தகடு 1 மில்லி மீட்டர் கனம்.

இந்த அளவு புகையடுப்புக்காகவே செய்தது போலப் பொருந்துகிறது. அடியில் கரிக்கூடை, அதற்கு ஏறத்தாழ 60 சென்டி மீட்டர் மேலே கம்பி வலை, கீழ்ப்பக்கத்தில் காற்று நுழைய மூன்று நான்கு துளைகள், மூடியில் புகை வெளியேற வழி. இவ்வளவுதான் அமைப்பு. கீழ்த்துளைகளைத் திறந்தால் நெருப்பு ஏறும், அடைத்தால் இறங்கும். 110 முதல் 135 பாகை செல்சியஸ் வரை சூட்டை நிறுத்தி வைக்கப் பழகிவிட்டால் போதும். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் ஸ்மோக் ஹவுஸை அறிந்த தோட்டத்து மக்களுக்கு இந்த முறை விளங்கச் சிரமம் இருக்காது. அங்கும் நெருப்பு நேரடியாகப் பொருளைத் தொடாது. சூடும் புகையும்தான் வேலை செய்யும்.

"கழுவினால் போய்விடும்" என்ற நினைப்பு

நம் சமூகத்துக்கும் டிரம்முக்கும் நீண்டகால உறவு உண்டு. தோட்டத்து லயன்களில் கூரையின் கீழ் மழைநீர் பிடிக்க டிரம்தான். குளிக்கத் தண்ணீர் நிரப்பி வைக்கவும் அதுவே. எதையும் வீணாக்காமல் பயன்படுத்துவது நல்ல பழக்கம். ஆனால், அந்தப் பழக்கத்தோடு ஓர் ஆபத்தான நினைப்பும் சேர்ந்தே வளர்ந்துவிட்டது. களைக்கொல்லி மருந்து வந்த கலனானாலும், நாலு முறை சோப்புப் போட்டுக் கழுவினால் சுத்தமாகிவிடும் என்பதே அந்த நினைப்பு.

மருந்து தெளிக்கும் வேலையை நம் பெண்கள் எத்தனையோ ஆண்டுகள் செய்திருக்கிறார்கள். அவர்கள் தெளித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். உடலுக்குள் போய்விட்டால் முறிவு மருந்து இல்லாத நஞ்சு அது. மலேசியாவில் 2002இல் அதற்குத் தடை வந்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் மீண்டும் தடை நடைமுறைக்கு வந்தது. பூச்சி மருந்து, களைக்கொல்லி வந்த கலன்களை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தக் கூடாது என்பதே உலக அளவில் வழங்கப்படும் அறிவுரை.

கழுவினால் ஏன் போகாது? டிரம்மின் அடித்தட்டும் மேல்தட்டும் உடல் தகட்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருட்டி மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்புக்குள் புகுந்த திரவத்தைத் தண்ணீரும் சோப்பும் எட்டாது. வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். நெருப்பு மூட்டிச் சூடேறும்போதுதான் மடிப்புக்குள் ஒளிந்திருந்தது ஆவியாகி வெளியே வரும். அப்போது மேலே வலையில் கோழி வெந்துகொண்டிருக்கும்.

"என்ஜின் எண்ணெய் வந்த டிரம்தானே, எண்ணெய் எரிந்து போய்விடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. மசகு எண்ணெய் வெறும் எண்ணெயாக வருவதில்லை. தேய்மானத்தைக் குறைப்பதற்காகத் துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்ந்த இரசாயனங்கள் அதில் கலக்கப்படுகின்றன. அது எரிந்தாலும் அவை சுவடில்லாமல் மறைந்துவிடுவதில்லை. பட்டறைகளில் கழிவு எண்ணெய் ஊற்றி வைத்த டிரம் இன்னும் மோசம். என்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகள்களும் அதில் சேர்ந்திருக்கும்.

சட்டமும் இதைச் சாதாரணக் குப்பையாகக் கருதவில்லை. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு வந்த அட்டவணைக் கழிவுகள் விதிமுறைகளில், இரசாயனம், பூச்சி மருந்து, கனிம எண்ணெய் பட்ட காலிக் கலன்களுக்கென்றே எஸ்.டபிள்யூ. 409 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. தொழிற்சாலைகள் இவற்றை உரிமம் பெற்ற இடங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். அரசாங்கம் அபாயக் கழிவு என்று வகுத்த ஒரு பொருளில் பிள்ளைகளுக்கு உணவு சமைப்பதா என்பதை ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

டிரம்மை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டியதில்லை. டிரம்மே ஓரளவு தன் கதையைச் சொல்லும்.

முதலில் ஒட்டுத்தாளைப் பாருங்கள். அபாயகரமான இரசாயனங்களுக்கு எச்சரிக்கைச் சின்னங்கள் கட்டாயம் என்று 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் நெருப்பு, மண்டையோடு, கையை அரிக்கும் திரவம், செத்த மீன் போன்ற படங்கள் இருக்கும். இவற்றில் எந்த ஒன்றைக் கண்டாலும் அந்த டிரம்மைத் தொட வேண்டாம். ஒட்டுத்தாள் கிழிக்கப்பட்டு, பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதே முடிவுதான்.

அடுத்து, அடித்தட்டிலோ பக்கவாட்டிலோ பொறித்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். வட்டத்துக்குள் யு, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது அபாயப் பொருள்களை ஏற்றிச் செல்ல ஐக்கிய நாட்டு நிறுவன விதிப்படி சோதிக்கப்பட்ட டிரம். அதைத் தொடர்ந்து 1ஏ1 என்று இருந்தால், மேல்தட்டு நிரந்தரமாக மூடப்பட்டு, ஊற்றுவதற்குச் சிறு துவாரங்கள் மட்டும் உள்ள வகை. 1ஏ2 என்றால் மூடியை முழுவதுமாகக் கழற்றக்கூடிய வகை. தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் அங்கே இருக்கும்.

இந்த முத்திரை டிரம்மின் வலிமையைத்தான் சொல்கிறது. உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்வதில்லை. புத்தம் புதிய டிரம்மிலும் இது இருக்கும். ஆகவே முத்திரையைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அதை மட்டும் நம்பவும் வேண்டாம்.

ஆனால் ஓர் எழுத்தைக் கவனித்தே ஆக வேண்டும். முத்திரையோடு ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஓர் ஆண்டும் சேர்ந்திருந்தால், அது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டு, சுத்தம் செய்து, புதுச் சாயம் பூசி மறுபடியும் சந்தைக்கு வந்த டிரம் என்று பொருள். பளபளக்கும் நீலச் சாயத்தைப் பார்த்துப் புதிது என்று ஏமாறுவது இங்கேதான். தொழிற்சாலையின் தேவைக்கு அது போதும். முன்பு அதில் இருந்தது என்ன என்று தெரியாததால், சமையலுக்கு அது உதவாது.

உயிருக்கே உலை வைக்கும் வெட்டு வேலை

உணவில் நஞ்சு சேர்வது மெல்ல வரும் ஆபத்து. காலி டிரம்மை கேஸ் கட்டராலோ கிரைண்டராலோ வெட்டும்போது வருவது ஒரு நொடியில் வரும் ஆபத்து.

நிரம்பிய டிரம்மைவிடக் காலி டிரம் அபாயமானது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. திரவம் தானாக வெடிப்பதில்லை. ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்தால்தான் வெடிக்கும். காலி டிரம்முக்குள் அந்தக் கலவை உருவாகத் தாராளமாக இடம் இருக்கிறது. அடியில் ஒரு தேக்கரண்டி பெட்ரோலோ தின்னரோ மிஞ்சியிருந்தாலே போதும். டீசல், மசகு எண்ணெய் ஆகியவை சாதாரணச் சூட்டில் அவ்வளவு ஆவியாவதில்லை. ஆனால் கட்டரின் சூடு தகட்டில் பட்டதும் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆவியாகிவிடும். பற்றவைக்கும் நெருப்பும் அங்கேயே தயாராக இருக்கும். மூடிய மேல்தட்டு தட்டாகப் பறந்து, வெட்டிக்கொண்டிருப்பவரின் முகத்தையும் மார்பையும் தாக்கும். பிரிட்டன், அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்புகள் டிரம்மில் செய்யும் வெட்டு வேலைக்கென்று தனி எச்சரிக்கைகளும் விதிகளும் வைத்திருக்கக் காரணம் இதுதான்.

மூக்கால் முகர்ந்து பார்த்து, "வாடை இல்லை, வெட்டலாம்" என்று முடிவு செய்வது அறியாமை. பழக்கப்பட்ட பட்டறைக்காரர் செய்தாலும் ஆபத்து ஆபத்துதான். உள்ளே இருந்தது என்னவென்று தெரியாத டிரம்மை யாரிடமும் வெட்டக் கொடுக்கக் கூடாது. வெட்டுபவரும் ஒரு குடும்பத்தின் பிள்ளைதான்.

உள்பூச்சும் துத்தநாகமும்

டிரம் சுத்தமானதுதான் என்று தெரிந்த பிறகும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது உள்பூச்சு. கைவிளக்கை அடித்து உள்ளே பாருங்கள். சாம்பல் நிற வெறும் தகடு தெரிந்தால் நல்லது. செம்பழுப்பாகவோ, பொன்னிறமாகவோ, பச்சையாகவோ தெரிந்தால், பொருள் தகட்டைத் தொடாமல் இருக்க எப்போக்சி போன்ற பிசின் பூசியிருக்கிறார்கள். உணவுப் பொருள் வரும் டிரம்களிலும் இந்தப் பூச்சு உண்டு. பழச்சாற்றுக்கு அது பாதுகாப்பு. ஆனால் கரிக்கூடைக்கு அருகில் தகடு கொதிக்கும்போது, அது கொப்பளித்துக் கருகும். அந்தப் புகை உணவில் படியும்.

அதை எரித்து எடுத்துவிடலாம் என்று சிலர் விறகை நிரப்பிக் கொளுத்துவார்கள். அதற்குக் கடும் நெருப்பு வேண்டும். எழும் புகையோ அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். மலேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. சமையலுக்கு மூட்டும் பார்பிக்யூ நெருப்புக்கு விதிவிலக்கு உண்டு என்பதால், சாயமும் பிசினும் எரிப்பதற்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது துத்தநாகப் பூச்சு. துருப்பிடிக்காமல் இருக்க வாளி, குப்பைத் தொட்டி ஆகியவற்றில் இதைப் பூசுவார்கள். பூப்பூவாகப் பளபளக்கும் தகட்டை வைத்து அடையாளம் காணலாம். துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகையில் உருகிவிடும். சிவந்து கனலும் கரி அதைவிட எவ்வளவோ சூடானது. அதிகச் சூட்டில் எழும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால், சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் வேலை செய்பவர்கள் அறிந்த காய்ச்சல் இது. ஆகவே துத்தநாகம் பூசிய தொட்டியும் வேண்டாம். அப்படிப்பட்ட கம்பி வலையும் வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

முதல் தேர்வு, உள்பூச்சு இல்லாத, மூடி கழற்றக்கூடிய புதிய டிரம். டிரம் தயாரிப்பவர்களிடமோ மொத்தமாக வாங்கி விற்பவர்களிடமோ "உள்ளே பூச்சு இல்லாதது, 1ஏ2 வகை" என்று கேட்டு வாங்கலாம். பழைய டிரம்மைவிட விலை கூடும் என்பது உண்மை. ஆனால் பழைய டிரம்முக்கு வெட்டுக் கூலி, சுரண்டும் கூலி, எரிக்க விறகு, இரண்டு நாள் உழைப்பு என்று சேர்த்துப் பாருங்கள். புதிய டிரம்முக்கு வெட்டு வேலையே இல்லை. மூடி தானாகக் கழன்று வரும். துளையிடும் கருவியால் சில துளைகள் போட்டால் போதும். சேர்த்துக் கணக்குப் போட்டால் 'மலிவு' எது என்பது விளங்கும். ஒரு டிரம் மட்டும் தர மறுத்தால், நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம்.

இரண்டாவது தேர்வு, உணவுப் பொருள் மட்டுமே வந்த டிரம். பழச்சாறு, தேன், சமையல் எண்ணெய் பயன்படுத்தும் தொழிற்சாலைகளிடமே நேரில் கேட்டு, ஒட்டுத்தாள் அப்படியே இருக்கும் டிரம்மாக வாங்க வேண்டும். தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தயாராகும் மாம்பழக் கூழ், கிருமி நீக்கிய பைகளில் அடைக்கப்பட்டு, அந்தப் பைகள் இரும்பு டிரம்களுக்குள் வைத்து ஏற்றுமதியாகின்றன. இப்படிப்பட்ட டிரம்மில் கூழ் தகட்டைத் தொட்டிருக்காது. ஆனாலும் உள்பூச்சு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பூச்சு இருந்தால், மணல் பீய்ச்சிச் சுரண்டும் பட்டறையில் கொடுத்து வெறும் தகடாக்கிக்கொள்வது எரிப்பதைவிட நல்லது.

மூன்றாவது, டிரம்மே இல்லாத வழி. கெட்டுப்போன சலவை இயந்திரத்தின் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியைக் கழற்றி, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை நீக்கிவிட்டால் நல்ல கரியடுப்பு கிடைக்கும். சுற்றிலும் துளைகள் இருப்பதால் புகை போட உதவாது. சாத்தே, மீன் வாட்டப் போதும். சமையல் எரிவாயு உருளையை வெட்டும் யோசனை மட்டும் அறவே வேண்டாம். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு, ஈஸ்ட் கோஸ்ட் போன்ற பூங்காக்களில் முன்பதிவு செய்யக்கூடிய பார்பிக்யூ குழிகளே பொருத்தம்.

முதல் நெருப்பு

புதிய டிரம்மிலும் துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய் தடவியிருப்பார்கள். சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். மூடியின் விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை மறக்காமல் பிடுங்கி எறியுங்கள். அது உருகினால் உணவெல்லாம் ரப்பர் வாடை. கரிக்கூடை வரும் உயரத்தில் வெளிச் சாயத்தையும் சுரண்டிவிடுவது நல்லது. வெளியே சூடு தாங்கும் சாயம் பூசலாம். உள்ளே எந்தச் சாயமும் கூடாது.

பிறகு வெறும் கரியை மூட்டி, துளைகளை எல்லாம் திறந்துவிட்டு, இறைச்சி எதுவும் வைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் எரியவிடுங்கள். ஆறிய பிறகு உள்பக்கம் முழுவதும் சமையல் எண்ணெயைத் தடவி, மீண்டும் மிதமான நெருப்பு போடுங்கள். நம் வீடுகளில் புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் இதுவும். கறுத்து மினுங்கும் படலம் வந்துவிட்டால் துரு அண்டாது.

பேராக்கின் கோலா செபெத்தாங்கில் சூளை போட்டு எடுக்கும் பாக்காவ் கரி நின்று எரியும். புகை மணத்துக்கு ரம்புத்தான், மா போன்ற பழமரத் துண்டுகளைக் காயவைத்துச் சேர்க்கலாம். சாயம் பூசிய பலகை, பழைய கட்டில் சட்டம் ஆகியவற்றைப் போட்டால் டிரம்மைத் தேடித் தேடி வாங்கிய பலன் போய்விடும். கோழியின் உட்சூடு 74 பாகையை எட்டியதும் இறக்கலாம். அடைத்த கார் நிறுத்துமிடத்திலோ வீட்டுக்குள்ளோ கரியடுப்பை மூட்டவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

நம் பெற்றோர் காலத்தில் டிரம் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. கிடைத்ததைக் கழுவிப் பயன்படுத்தினார்கள். இன்று நமக்கு வாசிக்கத் தெரியும். அடுத்த முறை பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது, பணப்பையை எடுக்குமுன் கைவிளக்கை எடுங்கள். உள்ளே பாருங்கள், அடியில் வாசியுங்கள், என்ன இருந்தது என்று கேளுங்கள். "தெரியாது" என்ற பதில் வந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.